வளையும் சாணைக்கல்: வெள்ளைக் காருக்கு கிளே பார் போட்ட அனுபவம்

வெள்ளைக் காரில் அழுக்கு தெரியாது என்று எனக்குச் சொன்னவர் மதுரை எல்லீஸ் நகரில் குடியிருந்தவர் இல்லை. என் வண்டி 2017 மாடல் வெள்ளை ஸ்விஃப்ட். நிற்பது வீட்டு வாசலில். பின்பக்கம் கூப்பிடு தூரத்தில் ரயில் தண்டவாளம், எதிரே கிரில் பட்டறை, தலைக்கு மேலே பக்கத்து வீட்டு வேப்பமரம். மூன்றும் சேர்ந்து இத்தனை வருஷமாக அதன் மேல் கைவரிசை காட்டியிருக்கின்றன.

முதலில் பின்கதவில்தான் கவனித்தேன். துருப்பிடித்த ஆணி நிறத்தில் புள்ளிகள். ஒரு கடுகை நாலாக உடைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒவ்வொன்றும். ஆனால் பானெட்டில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஷாம்பு போட்டுக் கழுவினேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் தேய்ந்தது. ஈரம் காய்ந்த பிறகு உள்ளங்கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. தகடே துருப்பிடித்துப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வருகிறதோ என்று இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அப்படி இல்லை. பட்டறையில் கட்டிங் வீல் ஓடும்போது பறக்கும் பொறி இருக்கிறதே, அது சூடான இரும்புத்தூள். பெயிண்டின் மேல் வந்து விழுந்து ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் பனி, மழை, நான் ஊற்றும் தண்ணீர் எல்லாம் பட்டு அந்தத் தூள் துருப்பிடிக்கிறது. கார் துருப்பிடிக்கவில்லை, காரின் மேல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி துருப்பிடிக்கிறான். விருதுநகர்ப் பக்கமிருந்து வரும் ரயில்கள் ஜங்ஷனுக்குள் நுழைய பிரேக் பிடிக்கும்போதும் இதே மாதிரி இரும்புத்தூள் பறக்கும். பட்டறைக்கார அண்ணனிடம் பேச்சை எடுத்தேன். "அது ரயிலுதேன் சார். நம்ம பொறி அம்புட்டுத் தூரம் வராது" என்றார். அவர் பட்டறைக்கும் என் பானெட்டுக்கும் நடுவே 20 அடிதான். சரி, நல்ல மனுஷன், அவசரத்துக்குக் கேட்டால் வெல்டிங் வைத்துக் கொடுப்பவர். அதற்கு மேல் நான் பேசவில்லை.

இதற்கு முன்னால் ஒரு இடத்தில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை சர்வீஸுக்கு விட்டபோது புள்ளிகளைக் காட்டிக் கேட்டேன். கோட்டிங், அதாவது பெயிண்டின் மேல் ஒரு பளபளப்புப் பூச்சு, போட்டால் எல்லாம் போய்விடும் என்றார்கள். சர்வீஸ் பில்லுக்கு மேல் 4000 ரூபாய். சாயங்காலம் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் புள்ளிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அழுக்கை எடுக்காமல் அதன் மேலேயே கோட்டிங்கைத் தடவிவிட்டார்கள். கரையான் ஏறின கதவுக்கு வார்னிஷ் அடித்த கணக்கு. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. யார் கோட்டிங் என்று ஆரம்பித்தாலும், "அதுக்கு முன்னாடி கிளே பண்ணுவீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கிளே என்பது பெயிண்டில் ஒட்டின அழுக்கைப் பெயர்த்தெடுக்கும் ஒரு பிசுபிசுப்புக் கட்டி. பதிலுக்கு முழித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

கிளே பார் தேடி பைபாஸ் ரோட்டில் இரண்டு கடை ஏறினேன். முதல் கடையில் "எம்-சீலா சார்?" என்று ஓட்டை அடைக்கும் பசையை எடுத்து வைத்தார்கள். இரண்டாவது கடைத் தம்பிக்குத் தெரிந்திருந்தது, ஆனால் கையில் சரக்கு இல்லை. ஆன்லைனில் 180 ரூபாய்க்குக் கிடைத்ததை வாங்கினேன். நீல நிறம், 100 கிராம், சோப்புக்கட்டி அளவு. பெயரில்தான் கிளே, உண்மையில் களிமண் இல்லை. பிசின் மாதிரியான செயற்கைப் பொருளில் கண்ணுக்குத் தெரியாத தேய்ப்புத் துகள்களைக் கலந்து பிசைந்த உருண்டை. ஜப்பானைச் சேர்ந்த தடாவோ கொடாட்டே 1995-ல் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியபோது வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், நெகிழும் சாணைக்கல். பாலிடெக்னிக் லேபில் தினமும் சாணைக்கல்லோடு மாரடிக்கிறவன் நான். அந்தத் தலைப்பைப் படித்ததும்தான் பொருள் பிடிபட்டது. விளம்பரத்தில் பஞ்சு மாதிரி மென்மை என்கிறார்கள், நம்பாதீர்கள். இது கல். கல்லுக்கு உண்டான மரியாதையோடு பிடித்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் கீறும்.

எப்படி வேலை செய்கிறது என்றால், பெயிண்டின் மேல் வழவழப்பான திரவத்தைத் தெளித்து அதன் மேல் கிளேயை நகர்த்துகிறோம். பெயிண்ட் சமதளம், அதனால் கிளே வழுக்கிக்கொண்டு போகும். மேடாகத் துருத்திக்கொண்டிருப்பது எதுவோ அதில் மட்டும் இடறும், இடறின இடத்தில் அதைக் கவ்விப் பெயர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இரும்புத்தூள், மரப்பிசின், பக்கத்தில் பெயிண்ட் அடித்தபோது பறந்து வந்த சாரல் எல்லாம் மேடு. கீறல் என்பது பள்ளம். பள்ளத்தை இது ஒன்றும் செய்யாது. கிளே போட்டால் கீறல் போகும் என்று யாராவது விற்றால் அது பொய்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு முதலில் கவர் சோதனை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பெயிண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் கவர் வழியாகப் பல மடங்கு தெரியும். 2019 ஜனவரியில் தடை வந்த பிறகு மெல்லிய கவர் கிடைப்பது குதிரைக்கொம்பு, எங்கள் வீட்டில் ரொட்டி வந்த கவர்தான் உதவியது. பானெட்டில் தடவினேன். மணலில் கை வைத்த மாதிரி இருந்தது.

கிளேயைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "சதுர்த்தி போன மாசமே முடிஞ்சு போச்சு. இப்பப் போய் யாருக்குக் கொழுக்கட்டை?" என்றாள்.

கொழுக்கட்டை மாவு இல்லை, பரோட்டா மாவு என்றுதான் சொல்ல வேண்டும். நாலு விரல் அகலத்துக்கு வடையாகத் தட்டி, பானெட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில் நன்றாக ஸ்ப்ரே அடித்து, வட்டமாக இல்லாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அழுத்தவே கூடாது, கை அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். முதல் இரண்டு ஓட்டத்தில் "சர்ர்ர்" என்று ஒரு சத்தம். சத்தம் மட்டுமில்லை, விரலிலும் அந்த அதிர்வு ஏறும். ஐந்தாறு ஓட்டத்தில் சத்தம் தேய்ந்து தேய்ந்து சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போனது. கண்ணாடியில் கை வைத்த மாதிரி வழுக்கியது. கிளேயைத் திருப்பிப் பார்த்தேன். நீல வடையில் மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள், நடுவில் ஒரு கறுப்புக் கோடு. இத்தனை நாள் இதையா சுமந்துகொண்டு அலைந்தது என் வண்டி? அழுக்குப் பக்கத்தை உள்ளே தள்ளி மடித்து, இழுத்து, மறுபடி தட்டிப் புது முகம் எடுக்க வேண்டும். பரோட்டா மாஸ்டரைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பானெட்டில் பாதிதான் நன்றாகப் போனது. மணி பத்தரை ஆனதும் வேப்பமர நிழல் நகர்ந்து வெயில் பானெட்டில் விழுந்தது. தகடு சூடானதும் அந்த 180 ரூபாய்க் கிளே இளகி, ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட ஆரம்பித்தது. போன வழியெல்லாம் நீலத் தடம் வேறு, வெள்ளைப் பெயிண்டில். ஸ்ப்ரே அடித்தால் அடித்த நிமிஷமே காய்கிறது. அந்தத் தடங்களை எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அதோடு வந்த காகிதத்தில், கிளே இறுகி இருந்தால் வெந்நீரில் போட்டு இளக்கவும் என்று அச்சடித்திருந்தார்கள். எந்த ஊருக்கு எழுதினார்களோ. புரட்டாசி மதுரையில் நான் செய்ய வேண்டியிருந்தது நேர்மாறு. அடுத்த நாள் ஒரு கிண்ணத்தில் பானைத் தண்ணீர் வைத்து, இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றி அதில் போட்டு எடுத்தேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு நிறுத்திவிட்டேன். தகட்டில் புறங்கையை வைத்தால் குளுமையாக இருக்கிற வரைதான் வேலை.

இரண்டாவது நாள் இன்னொரு தப்பு, இது முழுக்க என் தப்பு. வலது பின்கதவு செய்துகொண்டிருந்தபோது கிளே கை நழுவித் தரையில் விழுந்தது. தெருப் புழுதி. எடுத்து, தண்ணீரில் அலசி, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்று மறுபடி ஓட்டினேன். சத்தம் மாறியது. நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் ஒரு இரும்புத்தூள் போல" என்று நினைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டேன். இன்றைக்கும் சாய்ந்த வெயிலில் அந்தக் கதவைப் பார்த்தால் இரண்டு அங்குல நீளத்துக்கு மூன்று மெல்லிய கோடுகள் தெரியும். அலசினால் போகாது, ஒட்டுகிற எதையும் கவ்விக்கொள்வதுதானே அதன் குணம். விழுந்தது விழுந்ததுதான், குப்பையில் போட வேண்டும். முழுக் கட்டியையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள் என்பது இதனால்தான். நாலாக வெட்டி வைத்துக்கொண்டால் விழும்போது நஷ்டம் 25 கிராமோடு போகும். பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சின் கனம் சுமார் 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அந்தக் கனத்தில்தான் நம் கைப்பழக்கத்தைச் சோதித்துப் பார்க்கிறோம்.

ஸ்ப்ரே விஷயத்துக்கு வருகிறேன். கிளேயோடு வந்த குட்டிப் பாட்டில் பானெட்டைத் தாண்டவில்லை. தனியாக லூப்ரிகண்ட் வாங்கச் சொல்வார்கள், தேவையில்லை. கார் ஷாம்பு ஒரு மூடி, ஒரு லிட்டர் தண்ணீர், கலக்கி ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினால் போதும். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் சூட்சுமம். எங்கள் வீட்டு போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. அது பெயிண்டில் காய்ந்தால் சுண்ணாம்பு வளையம். அதனால் ஸ்ப்ரேவுக்கும் கடைசி அலசலுக்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்.ஓ. மெஷினில் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பக்கெட்டில் பிடித்து வைத்து வண்டி கழுவுகிறவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர். நானும் கழுவியிருக்கிறேன். ஆர்.ஓ. தள்ளுவது நல்ல தண்ணீரை எடுத்துவிட்டு மிச்சமாகும் உப்பு கூடிய தண்ணீர். போர்த் தண்ணீரைவிட மோசம். வாசல் கழுவலாம், பாத்ரூமுக்கு ஊற்றலாம், காருக்கு வேண்டாம். பழைய உப்பு வளையங்கள் கிளேக்கு மசியவில்லை. தண்ணீர் கலந்த வினிகரில் சில போயின. பெயிண்டை அரித்துப் பள்ளம் போட்டவை இன்னும் இருக்கின்றன.

மீதிப் பாதி வண்டிக்கு அந்த மலிவு நீலத்தோடு மல்லுக்கட்ட மனசில்லை. பைபாஸ் கடைத் தம்பி போன் பண்ணினான். "சார், ஃபைன் கிரேடு வந்திருக்கு, 450. அதோட அயர்ன் ரிமூவர் ஒண்ணும் எடுத்துக்கிடுங்க, உங்களுக்கு வேலை பாதியாயிரும்" என்றான். தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன், 600 ரூபாய். தம்பியைச் சந்தேகப்பட்டது தப்பு. கழுவின வண்டியில் நிழலில் அடித்துவிட்டு இரண்டு நிமிஷம் நின்றால், எங்கெல்லாம் இரும்பு இருக்கிறதோ அங்கெல்லாம் ஊதா நிறத்தில் கசிந்து வழிகிறது. வெள்ளைக் காரில் இதைப் பார்ப்பது ஒரு திகில். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து, "என்ன தம்பி, வண்டியில கத்தரிக்கா கலர்ல ரத்தமா வடியுது?" என்று பதறிவிட்டார்கள். நாற்றம் அழுகின முட்டை நாற்றம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, காயவும் விடக் கூடாது. அலசிவிட்டுப் பார்த்தால் புள்ளிகளில் முக்கால்வாசி போயிருந்தன. மிச்சத்தைக் கிளே எடுத்தது, அதுவும் முதல் நாளில் பாதி நேரத்தில். பட்டறை, தண்டவாளம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வரிசைதான். வேப்பமரப் பிசினும் காக்கா எச்சமும் மட்டும்தான் தொல்லை என்றால் அயர்ன் ரிமூவருக்குக் காசை இறைக்க வேண்டாம். கதவின் கீழே ஒட்டின தாரைக் கிளேயால் எடுக்கிறேன் என்று முயற்சி பண்ணாதீர்கள், கிளே நாறிப்போகும். துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து உடனே ஷாம்பு போட்டால் தார் போய்விடும். இப்போது மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்றால், தார் ரிமூவர் என்றே தனியாக விற்கிறார்கள்.

450 ரூபாய்க் கிளே எப்படி? இறுக்கம் கொஞ்சம் கூட, பானைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் வெயில் ஏறும் வரை உருக்குலையவில்லை, தடம் விடவில்லை. 180 ரூபாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தேய்ப்பதில் இல்லை, சூடு தாங்குவதில்தான். மிச்சம் 60 கிராம் டப்பாவில் இருக்கிறது. இன்னும் இரண்டு தடவைக்கு வரும். கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளும் கிளே மிட் என்று ஒன்றும் தம்பி காட்டினான். கீழே விழுந்தால் அலசிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய லாபம். ஆனால் இடறுவதை விரலால் உணர முடியாது என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. எஸ்யூவி வைத்திருப்பவர்கள் பரிசீலிக்கலாம்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று, முன் கண்ணாடி. கிளே மிஞ்சியிருக்கிறதே என்று சும்மா கண்ணாடியிலும் ஓட்டினேன். மழையில் வைப்பர் போகும்போது "கிறீச் கிறீச்" என்று கத்தும், பிளேடு மாற்றியும் நிற்காமல் இருந்தது. கிளே போட்ட பிறகு நின்றுவிட்டது. 700 ரூபாய்க்கு பிளேடு மாற்றியதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் மட்டும் ஓட்டாதீர்கள், வெளிறின மாதிரி தடம் விழும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டிக்கும் இது ஆகாது.

கிளே போட்டதோடு எழுந்து போகக் கூடாது. அழுக்கோடு சேர்த்து மேலே இருந்த வாக்ஸையும் அது எடுத்துவிடுகிறது, பெயிண்ட் வெறும் உடம்போடு நிற்கும். இங்கேதான் வீட்டில் ஒரு சின்ன யுத்தம். பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள், நான் பானெட்டை மறித்துக்கொண்டு வாக்ஸ் தேய்க்கிறேன். போன வருஷம் வைத்த குங்குமத்தின் ரோஸ் கறை சித்திரை வரை போகவில்லை. வாக்ஸ் இல்லாத பெயிண்டில் வைத்தால் இன்னும் ஆழமாகப் பிடிக்கும். "சாமிக்கு வைக்கிற பொட்டு கறையா உங்களுக்கு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் பொட்டை நம்பர் பிளேட்டில் வைப்பது என்று முடிவானது. எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்திலும் நசுங்கியது, சந்தோஷமாக ஒரு சுற்று தெப்பக்குளம் வரை போய் வந்தோம்.

கணக்குப் பார்த்தால் கிளே இரண்டு, அயர்ன் ரிமூவர், தண்ணீர் கேன், ஏற்கெனவே வீட்டில் இருந்த வாக்ஸ், மைக்ரோஃபைபர் துணி, எல்லாம் சேர்த்து 1400-க்குள். மூன்று காலை நேரம், ஒரு தோள்வலி. 4000 ரூபாய்க் கோட்டிங் செய்யாததை இது செய்தது. புது வண்டிக்காரர்கள், ஷெட்டில் நிறுத்துகிறவர்கள், கவர் சோதனையில் சொரசொரப்பு இல்லாதவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். தேவையில்லாமல் சாணைக்கல்லை யாராவது பெயிண்டில் தேய்ப்பார்களா? மாதாமாதம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்காதீர்கள்.

பட்டறைக்கார அண்ணன் பளபளப்பைப் பார்த்துவிட்டுத் தன் புல்லட் டேங்குக்கு ஒரு துண்டு கேட்டார். கொடுத்தேன். டேங்கில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கிளேயைத் திருப்பிப் பார்த்தார், பழுப்புப் புள்ளிகளை நகத்தால் தொட்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் கட்டிங் மெஷின் பட்டறைக்குள்ளே, சுவர் ஓரமாக ஓடுகிறது.

முந்தாநாள் ரொட்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினேன். தண்டவாளம் இருக்கும் பக்கத்து ஓரத்தில் மட்டும் லேசாகச் சொரசொரப்பு. அண்ணன் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் போல. பொங்கலுக்கு நாலு நாள் லீவு வருகிறது, டப்பாவில் 60 கிராம் இருக்கிறது.